விரல் சப்பாத்தும் ஒரு மாற்றுச் சம்பந்தமும்

தனக்குக் கால்விரல்கள் பத்து இருக்கின்றன என்ற செய்தி சிவரூபனுக்கு முப்பத்துமூன்றாவது வயதில்தான் தெரியவந்தது. அதுவரை அவை, ஊரிலுள்ள மற்றவர்களின் விரல்களைப் போல, கேட்பாரில்லாமல் செருப்பின் முனையில் ஒதுங்கிக் கிடந்தன. பிறகு சுவிசிலிருந்து பெரியம்மாவின் மகன் அனுப்பிய பொதியில் அந்தச் சப்பாத்து வந்தது. அதன்பின் கரவெட்டியில் அந்தப் பத்து விரல்களைப் பற்றிக் கேள்விப்படாத ஆள் இல்லை.

சாதாரணச் சப்பாத்துக்குள் ஐந்து விரலும் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு குடும்பம் நடத்தும். இதில் ஒவ்வொரு விரலுக்கும் தனி அறை, தனி வாசல். மேலே கறுப்புத் துணி, அடியில் அப்பளம் போல மெல்லிய றப்பர், அந்த றப்பரில் கண்ணைக் குத்தும் பச்சையில் கொம்பனியின் பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் ஒருவன் காலைக் கரிச்சட்டிக்குள் விட்டு எடுத்ததுபோல இருக்கும். கிட்டப் போனால் குரங்கின் கால். இன்னும் கிட்டப் போனால் மணம் வரும். ஆகவே ஒருவரும் போவதில்லை.

முதல் நாள் அவன் அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கியபோது தாய் பூரணம் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"தம்பி, கால் ஏன் ராசா உப்பிடிக் கறுத்துப்போச்சு?"

"அது கால் இல்லை அம்மா. சப்பாத்து."

"சப்பாத்தெண்டால் ஏன்ரா விரல் தெரியுது?"

"அதுதானம்மா உதின்ரை விசேசமே."

பூரணம் அதற்குள் மனதில் அரைத்துவிட்டிருந்த மஞ்சளையும் வேப்பிலையையும் மறந்துவிட்டுக் குசினிக்குள் போனாள். போகும்போது, "காலுக்குக் கையுறை போட்டவனை நான் இண்டைக்குத்தான் காணுறன்," என்று அடுப்புக்குச் சொன்னாள்.

சிவரூபன் நெல்லியடியில் பௌதிகவியல் ரியூசன் கொடுக்கிற மாஸ்ரர். எதையும் விளங்கப்படுத்தாமல் விடுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. சாப்பாட்டு மேசையில் விளக்கம் நடந்தது.

"மனிசன்ரை ஒரு காலிலை இருபத்தாறு எலும்பு இருக்குது. செருப்பைப் போட்டவுடனை அவ்வளவும் நித்திரைக்குப் போயிடும். இதைப் போட்டால் வெறுங்காலோடை நடக்கிற மாதிரி. நிலம் என்ன சொல்லுதெண்டு காலுக்கு விளங்கும்."

"நிலம் என்னண்ணா சொல்லுது?" தங்கை சுபாஜினி கேட்டாள்.

"அதைச் சொல்லேலாது. உணரவேணும்."

அவன் முதலில் உணர்ந்தது சந்திக் கடை வாசலில் கிடந்த ஒரு சோடா மூடியை. இரண்டாவது, நெருஞ்சி முள். மூன்றாவதாக உணர்ந்த மாட்டுச் சாணம் நாலாம் விரலுக்கும் ஐந்தாம் விரலுக்கும் நடுவில் ஏறிக் காய்ந்துபோய், ஈர்க்குக் குச்சியால் கிண்டி எடுக்க வேண்டியதாயிற்று. நிலத்துக்குச் சொல்வதற்கு நிறையவே இருந்தது.

நியாயத்தைச் சொன்னால், நன்மைகளும் இல்லாமல் இல்லை. வாசலில் கழற்றிவிட்ட எந்தச் செருப்பையும் கடித்துக் குதறுகிற வீட்டு நாய், இந்தச் சப்பாத்தை ஒருதரம் மணந்து பார்த்துவிட்டு வேலியோரமாக விலகிப் போனது. பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. இடுப்பு நோ மாறிச் சுகமாகிவிட்டது என்று சிவரூபன் சொன்னான். அவனுக்கு இடுப்பு நோ இருந்தது வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்றாலும், மாறியதில் எல்லாருக்கும் சந்தோசம். விடிய வெள்ளன எழும்பத் தொடங்கினான், ஏனென்றால் போட்டு முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும். பெருவிரல் தானாகப் போகும். நடுவில் உள்ளவற்றைத் தள்ளிவிடலாம். இரண்டு சின்ன விரல்களும் மட்டும் தங்கள் அறையை ஒருநாள்கூடத் தாமாகக் கண்டுபிடித்ததில்லை. அவன் வாசற்படியில் இருந்து அவற்றுக்குக் கெஞ்சிக்கொண்டிருக்க, எழுநூற்றைம்பதாம் இலக்க பஸ் அவனைத் தாண்டிப் போகும்.

ரியூசன் பெடியள் வெண்பலகையில் ஒரு குரங்கைக் கீறி, கால்விரல்களை மட்டும் கறுப்பால் தீட்டி வைத்தார்கள். சிவரூபன் அதைப் பார்த்து, விசயத்தைச் சரியாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாராட்டி, மனிதக் காலின் வளைவைப் பற்றி முக்கால் மணித்தியாலம் கதைத்தான்.

பருத்தித்துறையிலிருந்து மீன் கொண்டுவருகிற செபஸ்தியம்மாவுக்கும் ஒரு வகுப்பு நடந்தது. அவள் மீன் பேசினை வாசல் படலையடியில் இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப தம்பி, வெறுங்காலோடை நடக்கிறதுதான் உடம்புக்கு நல்லமெண்டுறியள்?"

"ஓம் அக்கா."

"அதுக்கு வெளிநாட்டிலையிருந்து ஒரு சப்பாத்து."

"ஓம்."

செபஸ்தியம்மா ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினாள். அது வெடித்து, காய்த்து, கோடை வயல் போல இருந்தது. "நாப்பது வரியமாய் நான் உதைத்தான் போட்டிருக்கிறன். இன்னும் தேயேல்லை. சூடைமீன் வேணுமே, வேண்டாமே?"

இவையெல்லாம் பகிடியாகவே போயிருக்கும். சுபாஜினியும் மற்றவர்களைப் போலச் சிரித்துவிட்டுத் தன் கந்தோர் வேலைக்குப் போயிருப்பாள். அவளால் முடியாமற் போனதற்குக் காரணம் செந்தூரன்.

செந்தூரன் உடுவிலைச் சேர்ந்தவன். கம்பஸில் அவளுக்கு ஒரு வருடம் மேலே படித்தவன், இப்போது விவசாயப் போதனாசிரியர். இருவரும் ஆறு வருடமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது வீட்டுக்குத் தெரிந்தபோது, எதிர்பார்த்த சண்டை வரவில்லை. அதைவிடச் சிக்கலான ஒன்று வந்தது. செந்தூரனுக்கு கோபிகா என்று ஒரு தங்கை இருந்தாள். சுபாஜினிக்குச் சிவரூபன் என்று ஒரு தமையன் இருந்தான். இரண்டு தகப்பன்மாரும் ஒரு பின்னேரம் இருந்து தேத்தண்ணி குடித்து, மாற்றுச் சம்பந்தம் என்று முடிவு செய்தார்கள். சுபாஜினி அங்கே போவாள், கோபிகா இங்கே வருவாள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. ஒன்று சரிவந்தால் இரண்டும் சரி. ஒன்று குழம்பினால் இரண்டும் குழப்பம்.

"ரெண்டும் ஒரே பந்தலிலை," என்று தகப்பன் நமசிவாயம் சொன்னார். "இல்லாட்டி ரெண்டும் இல்லை. அதிலை பிறகு கதை இல்லை."

சாதகங்கள் பொருந்தின. மிச்சம் இருந்தது பெண் பார்ப்பது மட்டும். கோபிகா ஏற்கனவே ஆறு மாப்பிள்ளைமாரை வேண்டாம் என்றவள் என்பது ஊரறிந்த விசயம். ஒருவனை அவன் சிரிக்கும்போது தோள் குலுங்கியதற்காக விட்டவள் என்றும் கதை இருந்தது. சுபாஜினி தன் தமையனை நிமிர்ந்து பார்த்தாள்: முகம் பரவாயில்லை, படிப்பு இருக்கிறது, குடி இல்லை. பிறகு குனிந்து பார்த்தாள். ஆறு வருடக் காதல் அந்த இரண்டு கரிச்சட்டிகளுக்குள் நின்றுகொண்டிருந்தது.

ஒரு மாதம் அவள் யோசித்தாள். கடைசியில் கிடைத்த வழி மிகவும் நேர்த்தியானது: கோயில்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வீட்டுக்குப் போவதைவிடக் கோயிலுக்குப் போவதுதான் மரியாதை. இரண்டு குடும்பமும் தற்செயலாக ஒரே பூசைக்கு வந்ததுபோல வரும். தற்செயலாகக் கண்டுகொள்ளும். பிடிக்காவிட்டால் ஒருவரும் ஒருவரையும் பார்க்க வரவில்லை, பிள்ளையாரைத்தான் பார்க்க வந்தார்கள். வீட்டுக்குப் போனால் வாசலில் சப்பாத்தைக் கழற்றி, பிறகு பன்னிரண்டு நிமிடம் இருந்து திரும்பப் போடுகிற கூத்தைப் பெண் வீட்டார் பார்ப்பார்கள். கோயிலென்றால் மதிலுக்கு வெளியே, வானுக்குப் பக்கத்திலேயே கழற்றிவிடலாம். உள்ளே போகும்போது கோபிகா காணப்போவது இரண்டு வெறும் மனிதக் கால்களை மட்டுமே.

"பேசாமல் ஒரு நாளைக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாவன் அண்ணா."

"ஏலாது. கொள்கையெண்டு ஒண்டு இருக்கு. ரெண்டு மாதத்திலை என்ரை கால் பழகிப்போச்சு. இப்ப செருப்புப் போட்டால் காலுக்குக் குருடு பத்தின மாதிரி."

"அப்ப கோயில் வாசலிலை கழட்டுவியோ?"

"கோயிலுக்குள்ளை ஆராவது சப்பாத்தோடை போவினமே? நான் என்ன விசரனே?"

அவள் கையை நீட்டினாள். சத்தியம் மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் பேசி வைத்த உடுவில் பிள்ளையார் கோயிலுக்குத் தர்மகர்த்தா வேறு யாருமில்லை, கோபிகாவின் தகப்பன் நாகலிங்கம். செம்மண்ணில் வெங்காயம் வைக்கிற மனிதர். அறுபது வயதுவரை தோட்டத்திலும் வீதியிலும் கோயிலிலும் காலில் ஒன்றும் போட்டதில்லை. கல்யாணத்தன்று ஒருதரம் போட்டுப் பார்த்து, கடித்தது என்று விட்டவர். கோயிலுக்குக் கும்பாபிசேகம் முடிந்து மண்டலாபிசேகம் நடந்துகொண்டிருந்தது. நாற்பத்தெட்டு நாளில் அன்று இருபத்தோராம் நாள். கழுவித் துடைத்த கல்லில் ஒரு பூவிதழ் கிடந்தாலும் அவர் குனிந்து பொறுக்குவார்.

பங்குனி வெயிலில் வான் கோயில் வீதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானப் பூசைக்கு மணி அடித்துவிட்டது. வீட்டிலேயே சிவரூபனின் இடது சின்ன விரல் காரணமாகப் புறப்பாடு இருபது நிமிடம் பிந்தியிருந்தது. எல்லாரும் அவசரமாக இறங்கினார்கள். சுபாஜினி தன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அண்ணா, கழட்டு," என்று சொல்லத் திரும்பினாள்.

திரும்பிய பக்கத்தில் செந்தூரன் நின்றான். வேட்டியும் இடுப்பில் சால்வையுமாக, மேலே ஒன்றும் போடாமல், நெற்றியில் மூன்று குறியோடு, மதிலோரம் தற்செயலாக. அவளைப் பார்த்துத் தற்செயலாகச் சிரித்தான். சுபாஜினி சொல்ல வந்ததை மறந்தாள். ஆறு வருடம் பழகிய ஒருவன் சிரித்ததற்கு இவ்வளவு தூரம் மறந்தது அவளுடைய பிழை. அதை அவள் பிறகும் மறுக்கவில்லை.

சிவரூபன் சேட்டைக் கழற்றித் தோளில் போட்டான். வேட்டி நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. எல்லாரையும் போலத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனான். எல்லாரையும் போல ஒரு காலை மற்றக் காலால் உரசிக் கழுவினான். தண்ணீர் விரல்களுக்கு நடுவே குளிர்ந்து ஓடியது. கால் கழுவியாயிற்று, கழுவின கால் வெறுங்கால்தானே? அந்தச் சப்பாத்தின் பெருமையெல்லாம் அதுதான் என்று இரண்டு மாதமாக அவனே சொல்லிக்கொண்டிருந்தான்: போட்டிருப்பதே தெரியாது.

போட்டிருப்பது தெரியாமல் அவன் உள்ளே போனான்.

பூசை தொடங்கியது. கோபிகா தாய்க்குப் பக்கத்தில் நின்றாள். ஒல்லியான, கண்ணை அதிகம் இமைக்காத பெண். சிவரூபனை ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்தாள். வேட்டிக் கரையில் பார்வை நின்றது. முகத்தில் ஒரு குறையும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. செந்தூரன் தூணடியிலிருந்து சுபாஜினிக்குக் கண்ணைக் காட்டினான். எல்லாம் சரி என்று அர்த்தம்.

தீபம் காட்டி முடிந்ததும் சிவரூபன் கொடித்தம்பத்தடியில் விழுந்து கும்பிட்டான். எட்டு உறுப்பும் நிலத்தில் படவேண்டும் என்பது விதி. அவன் விதிகளை ஒழுங்காகச் செய்கிறவன். நெடுஞ்சாண்கிடையாக நீட்டி நிமிர்ந்து விழுந்தான். வேட்டி கெண்டைக்கால் வரை ஏறியது. இரண்டு உள்ளங்கால்களும் பின்பக்கம் திரும்பின. பின்பக்கத்தில் பெண் வீட்டார் வரிசையாக நின்றார்கள்.

கோபிகாவின் தாய் இரத்தினம்மாதான் முதலில் கண்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அவள் மெல்லச் சுபாஜினியின் பக்கம் சரிந்தாள்.

"பிள்ளை, அண்ணாவுக்குக் காலிலை என்ன?"

சுபாஜினி பார்த்தாள். கறுப்பு. விரல் விரலாக. உள்ளங்காலில் பச்சை.

"மெய்யே பிள்ளை, உது கரப்பனோ? பச்சையாயும் கிடக்குது. சீழ் பிடிச்சுப்போச்சோ?" இரத்தினம்மாவின் குரலில் இரக்கம் இருந்தது, இரக்கத்துக்குப் பின்னால் கணக்கும் இருந்தது. "உங்கடை பரம்பரையிலை ஆருக்கும் உப்பிடி இருந்ததோ?"

தமையன் எட்டு உறுப்பும் நிலத்தில் படக் கிடந்தான். அவன் எழும்புவதற்குள் சுபாஜினி முடிவு செய்ய வேண்டியிருந்தது. நோய் என்று விட்டால், நோய் இரத்தத்தில் வருவது. கோபிகா இங்கே வரமாட்டாள், சுபாஜினியும் அங்கே போகமாட்டாள், நாளைக்கு ஒரு கறுத்த கால் தொட்டிலில் கிடக்கும் என்று பயந்து ஒரு மாமியும் சம்மதிக்கமாட்டாள். சப்பாத்து என்று சொன்னால், தர்மகர்த்தாவின் கோயிலுக்குள், மண்டலாபிசேகத்துக்குள், கொடித்தம்பத்தடியில் சப்பாத்து. இரண்டு பக்கமும் கிணறு. ஆனால் நோய் முழுக் குடும்பத்துக்கும் சொந்தம். விசர்ப் பைத்தியம் அவன் ஒருவனுக்குத்தான். அவனுடைய விசரை அவனே சுமக்கட்டும் என்று அவள் தீர்மானித்தாள்.

"நோயில்லை மாமி," என்றாள். "சப்பாத்து."

"என்னது?"

"சப்பாத்து மாமி. விரல் வைச்ச சப்பாத்து. கழட்ட மறந்திட்டார்."

"சப்பாத்தோ!" என்ற இரத்தினம்மாவின் குரல் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு மூலஸ்தானம் வரை போய்த் திரும்பி வந்தது. மணிக் கயிறு நின்றது. ஐயர் கையிலிருந்த தட்டத்தோடு வெளியே எட்டிப் பார்த்தார். நாகலிங்கம் இடுப்பில் கோயில் திறப்புக்கொத்து குலுங்க வந்தார்.

சிவரூபன் எழும்பினான். எல்லாரும் தன் காலைப் பார்ப்பதைக் கண்டு தானும் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்த திகைப்பு உண்மையானது. சுபாஜினி அதற்குச் சாட்சி. ஆனால் திகைப்பு அப்படியே நிற்கவில்லை. கண் விரிந்தது. வாய் மலர்ந்தது.

"பாத்தியே சுபா!" என்றான். "போட்டிருக்கிறதே தெரியேல்லை! நான் சொன்னனான்தானே!"

நாகலிங்கம் அவன் முன்னால் வந்து நின்றார்.

"கழட்டு," என்றார் நாகலிங்கம்.

சிவரூபன் அந்த இடத்திலேயே குந்தினான். ஆனால் தண்ணீரில் ஊறிய சப்பாத்து விரல்களைக் கவ்விப் பிடித்திருந்தது. பெருவிரலை இழுத்தான், வரவில்லை. "நனைஞ்சு போச்சு. ஒரு பத்து நிமிசம் தாங்கோ மாமா."

"ஆருக்கடா மாமா?"

"இல்லை... ஐயா."

"பத்து நிமிசத்துக்கு உது இஞ்சை உள்ளை நிக்கிறதோ? இனி ஒரு அடி வைக்கப்படாது. டேய் செந்தூரன், பிடி. தூக்கு வெளியாலை."

செந்தூரன் தோளடியிலும் நமசிவாயம் முழங்காலடியிலும் பிடித்துத் தூக்கினார்கள். நேரே வாசலுக்குத் திரும்பியபோது ஐயர் கையைக் காட்டி மறித்தார். "அப்பிடி இடமாய்க் கொண்டுபோகப்படாது. வலமாய்ச் சுத்தித்தான் போகவேணும்."

ஆகவே சிவரூபன் உள்வீதி முழுவதும் வலமாகக் கொண்டுபோகப்பட்டான். மண்டலாபிசேக நாளில் தோளில் ஏறி வீதி சுற்றுகிற எதற்கும் அடிப்பது தவில்காரரின் வழக்கம். மூலையில் கண்ணயர்ந்திருந்த அவர், ஏதோ எழுந்தருளிவிட்டது என்று நினைத்துத் திடுக்கிட்டு எழும்பி அடிக்கத் தொடங்கினார். நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டது. நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சிவரூபன் கால்கள் இரண்டையும் நிலத்தில் படாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு, மேளதாளத்தோடு, நவக்கிரகத்தைத் தாண்டி, வயிரவரைத் தாண்டி, வெளியே போனான். அந்தக் கோயிலில் அவ்வளவு பெரிய வரவேற்போடு வீதி சுற்றிய மனிதன் அவனுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வெளியே மதில் நிழலில் அவனை இறக்கி, மாலை கட்டுகிற அறையிலிருந்து ஒரு கத்திரிக்கோலைக் கொண்டுவந்து, செந்தூரன் சப்பாத்தை வெட்டத் தொடங்கினான். அறை அறையாக வெட்ட வேண்டியிருந்தது. நாகலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார். வெட்டுப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தை வீணாக்க விரும்பாத சிவரூபன் அவருக்கும் விளங்கப்படுத்தினான்.

"இதிலை விளங்கிக்கொள்ள வேண்டியது என்னெண்டால் ஐயா, வெறுங்காலோடை நடக்கிறதுதான் இயற்கை. எங்கடை ஆக்கள் இதை மறந்திட்டினம். நிலம் சொல்லுறது காலுக்கு விளங்கவேணும்."

நாகலிங்கம் தன் காலைப் பார்த்தார். பிறகு அவன் காலைப் பார்த்தார். கடைசி விரலும் விடுபட்டு வெளியே வந்திருந்தது: வெள்ளையாக, ஊறி, பிறந்த குழந்தையின் கால்போல.

"நல்லது," என்றார். "வான் அங்கை மரத்துக்குக் கீழை நிக்குது. போங்கோ."

வானுக்கும் மதில் நிழலுக்கும் நடுவே நாற்பது அடி வெள்ளை மணல். நேரம் பன்னிரண்டரை. சுபாஜினியின் செருப்பு மதிலோரம் கிடந்தது. அவள் அதைப் போடாமல் மணலில் நடந்து போய்க் கொஞ்சத் தூரத்தில் நின்றாள். கோபிகாவும் வெளியே வந்து வெறுங்காலோடு நின்றாள். சூடுதான். சின்ன வயதிலிருந்து நிற்கிற சூடு.

சிவரூபன் நடந்தான். முதலாம் அடி, இரண்டாம் அடி. மூன்றாம் அடியில் முகம் மாறியது. ஐந்தாம் அடியில் ஒரு சத்தம் வந்தது. ஏழாம் அடியில் அவன் வேட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுடு சட்டியில் விழுந்த இறால் போலத் துள்ளத் தொடங்கினான். "ஐயோ அம்மா, ஐயோ அம்மா!" என்று ஒரு தேங்காய்ப் பொச்சுமட்டையைக் கண்டு அதன்மேல் பாய்ந்து, ஒற்றைக் காலில் நின்றான். முன்னுக்கும் போக முடியவில்லை. பின்னுக்கும் வர முடியவில்லை.

நாகலிங்கம் அந்த மணலுக்குள்ளாலே ஆறுதலாக நடந்து, அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"தம்பி, இப்ப நிலம் என்ன சொல்லுது?"

சிவரூபன் முதல்முறையாக ஒரு கேள்விக்கு விளக்கம் சொல்லவில்லை.

பெண் வீட்டார் போகும்போது, "சொல்லி அனுப்புறம்," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் அர்த்தம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சம்மதமானால், எந்த மாதம் வசதி என்று அங்கேயே கேட்பார்கள். சொல்லி அனுப்புகிறவர்கள் ஒருநாளும் சொல்லியும் அனுப்பியதில்லை, ஆளையும் அனுப்பியதில்லை.

வான் கரவெட்டிக்குத் திரும்பியது. வல்லை வெளியைத் தாண்டும்போது சிவரூபன், "மணல் வேறை, நான் சொன்ன நிலம் வேறை," என்று தொடங்கினான். நமசிவாயம் திரும்பிப் பார்த்தார். அவன் நிறுத்திக்கொண்டான்.

மூன்று நாள் சுபாஜினி தமையனோடு கதைக்கவில்லை. செந்தூரனையும் அழைக்கவில்லை. அவன் அழைக்கவும் இல்லை. ஆறு வருடத்தைப் பத்து விரலுக்குப் பறிகொடுத்த பெண் உலகத்தில் வேறு யாராவது இருக்கிறாளா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். இருந்தாலும் வெளியே சொல்லியிருக்கமாட்டாள். நாலாம் நாள் கந்தோரில் இருக்கும்போது, தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"நான் கோபிகா."

சுபாஜினி கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். "அண்ணா செய்தது பிழைதான்..." என்று இழுத்தாள்.

"அதை விடுங்கோ. நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

"எதுக்கு?"

"உங்கடை அண்ணாவுக்கு."

"ஏன்?" என்று சுபாஜினி கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் அறிய வேண்டும் போல இருந்தது.

கோபிகா நிதானமாகச் சொன்னாள். "இதுவரைக்கும் ஆறு பேரைப் பாத்தன். எல்லாரும் நல்லபிள்ளையள் மாதிரித்தான் நிண்டவை. ஒவ்வொருத்தருக்குள்ளையும் ஒரு விசர் இருக்குமெண்டு தெரியும், எங்கை கிடக்குதெண்டு பிடிபடேல்லை. கட்டினாப் பிறகு அது எங்கையிருந்து வெளிக்கிடுமோ எண்டு பயம். உங்கடை அண்ணாவுக்கு எங்கை எண்டு முதல்நாளே தெரிஞ்சு போச்சு. கணுக்காலுக்குக் கீழை. அவ்வளவுதானே? அதை நான் பாத்துக்கொள்ளுவன்."

"அப்ப மாமா?"

"ஐயா அண்டைக்கு வீட்டை வந்து விழுந்து விழுந்து சிரிச்சவர். கோயிலைக் கழுவிப் புண்ணியாகவாசனம் செய்தாச்சு. ஆனால் ஒரு நிபந்தனை சொல்லுறார்."

நிபந்தனை எளிமையானது. மண்டலாபிசேகம் முடிய இருந்த நாட்களுக்கு, சிவரூபன் ஒவ்வொரு நாளும் மத்தியானப் பூசைக்குப் பிறகு கோயில் வெளிவீதியைக் கூட்டித் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெறுங்காலோடு. மிகவும் இயற்கையாக.

போனான். முதல் கிழமை கால் கொப்பளித்து, ரியூசன் வகுப்பில் இருந்துகொண்டு படிப்பித்தான். இரண்டாம் கிழமை தோல் உரிந்தது. மூன்றாம் கிழமை, ஒருநாள் செபஸ்தியம்மா படலையடியில் அவனுடைய உள்ளங்காலைக் கேட்டு வாங்கிப் பார்த்து, "ம், இப்ப கொஞ்சம் கால் மாதிரிக் கிடக்குது," என்று சொல்லி ஒரு சூடைமீன் கூடப் போட்டாள். அவன் இப்போது யாருக்கும் எதையும் விளங்கப்படுத்துவதில்லை. வாசலில் ஒரு சாதாரண றப்பர் செருப்பு கிடந்தது. நாய் அதை அன்றைக்கே கடித்துவிட்டது.

வைகாசியில் இரண்டு கலியாணமும் ஒரே பந்தலில் என்று முடிவாயிற்று. பூரணமும் நமசிவாயமும் மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, மகளுக்குக் கொடுத்து அனுப்ப வேண்டிய வீட்டுச் சாமான்களை எழுதிக்கொண்டிருந்த பின்னேரம், செந்தூரன் அழைத்தான்.

"உம்மட்டை ஒண்டு கேக்கவேணும். சிரிக்கக்கூடாது."

"கேளுங்கோ," என்றாள் சுபாஜினி. மனம் நிறைந்திருந்தது.

"அண்டைக்கு அந்தச் சப்பாத்தை வெட்டேக்கை நல்லாப் பாத்தனான். அடி சரியான மெல்லிசு, நல்லா வளையுது. வெங்காயப் பாத்திக்குள்ளை நடக்கேக்கை செடி மிதிபடாமல் விரலாலை தடவித் தடவிப் போகலாம்போலை கிடக்குது. யோசிச்சுப் பாத்தால், உங்கடை அண்ணா சொன்னதிலையும் விசயம் இருக்குது." கொஞ்சம் நிறுத்தினான். "அவரிட்டை மெல்லமாய்க் கேட்டுச் சொல்லும், ஒன்பதாம் நம்பர் கிடைக்குமோ எண்டு."

சுபாஜினி கைபேசியைக் காதோடு பிடித்தபடி நின்றாள். ஆறு வருடமாகத் தேடாமலே இருந்துவிட்ட ஒன்று இப்போது தானாக அகப்பட்டிருந்தது. கணுக்காலுக்குக் கீழேதான். அதற்கு மேலே எங்கேயும் இல்லை என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

"கேட்டுச் சொல்லுறன்," என்று சொல்லி வைத்தாள். பிறகு மேசையடிக்கு வந்து கொப்பியை எட்டிப் பார்த்தாள். அண்டா, குத்துவிளக்கு, இடியப்ப உரல் வரை எழுதியாகியிருந்தது.

"அம்மா, ஒரு கத்திரிக்கோலும் எழுதுங்கோ."

"கத்திரிக்கோல் என்னத்துக்குப் பிள்ளை? அங்கை இல்லாமலே?"

"எழுதுங்கோ. நல்ல கூரானதாய், றப்பர் வெட்டக்கூடியதாய்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு எழுதுங்கோ. கோபிகா வரேக்கை இஞ்சையும் ஒண்டு இருக்கட்டும்."